கராஜ் கதவுக்குக் குளிர்காப்பு: ஜோஹானஸ்பர்க் பக்கம் மிட்ராண்டில் எங்கள் வீட்டில் செய்தது

கராஜ் கதவுக்கு இன்சுலேஷன் போட்டால் உண்மையிலேயே குளிர் குறையுமா என்று எங்கள் கராஜில் நடக்கும் சனிக்கிழமைத் தமிழ் வகுப்புக்குப் பிள்ளைகளைக் கொண்டுவந்து விடும் பெற்றோர்கள் இப்போது அடிக்கடி கேட்கிறார்கள். குறையும். ஆனால் பலகை வாங்கக் கடைக்குக் கிளம்பும் முன் இரண்டைப் பார்த்துவிட வேண்டும்: கதவைச் சுற்றி எவ்வளவு இடுக்கு இருக்கிறது, கதவைத் தூக்குகிற ஸ்பிரிங் இன்னும் எவ்வளவு எடையைத் தாங்கும். பலகை ஒட்டுவது அதற்கப்புறம் வருகிற வேலை, சொல்லப்போனால் சுலபமான வேலையும் அதுதான். பலரும் அதை முதலில் செய்துவிட்டு, குளிர் அப்படியே இருக்கிறது, மோட்டாரும் முனகுகிறது என்று சொல்வதைக் கேட்டிருக்கிறேன். அதனால்தான் விவரமாக எழுதுகிறேன்.

ஊரில் இருந்து படிப்பவர்களுக்கு, ஆப்பிரிக்காவில் என்ன குளிர் என்று தோன்றலாம். தென்னாப்பிரிக்காவின் ஜோஹானஸ்பர்க் கடல் மட்டத்திலிருந்து 1,700 மீட்டருக்கும் மேலே இருக்கிறது. ஜூன், ஜூலையில் பகலில் நல்ல வெயில் அடித்து 16, 17 டிகிரி இருக்கும், பொழுது சாய்ந்ததும் சடசடவென்று இறங்கிவிடும். விடியற்காலை 4 டிகிரி சாதாரணம். சில நாள் பூஜ்யத்துக்கும் கீழே போய்ப் புல்லெல்லாம் வெள்ளையாக உறைந்திருக்கும். 2023 ஜூலை 10ஆம் தேதி நகரத்தில் பனியே பெய்தது, அதற்கு முன் 2012 ஆகஸ்டில். இவ்வளவுக்கும் இங்குள்ள வீடுகளில் ஐரோப்பிய வீடுகளைப் போல வீடு முழுக்கச் சூடாக்கும் அமைப்பு கிடையாது. செங்கல் சுவர், மேலே சிமென்ட் ஓடு, அறைகளுக்கு மட்டும் சீலிங், அவ்வளவுதான். கராஜுக்குப் பெரும்பாலும் சீலிங்கும் இருக்காது. நிமிர்ந்து பார்த்தால் மரச் சட்டமும் ஓட்டின் அடிப்பக்கமும் தெரியும்.

அதே கராஜ்தான் இங்கே நம் ஆட்களுக்கு இன்னொரு கூடம். ஜோஹானஸ்பர்க் பக்கம் லெனேஷியா, பிரிட்டோரியா பக்கம் லௌடியம், டர்பன் பக்கம் சாட்ஸ்வொர்த், ஃபீனிக்ஸ், எங்கே போனாலும் விசேஷம் என்றால் கார்களை வெளியே எடுத்துவிட்டுக் கராஜில் பாய் விரிப்பார்கள், பந்தி போடுவார்கள், பெரிய பாத்திரத்தில் சமைப்பார்கள். எங்கள் வீட்டில் அது வகுப்பறை. காலை எட்டு மணிக்குப் பிள்ளைகள் ஜாக்கெட்டைக் கழற்றாமல், கையை ஸ்வெட்டருக்குள் இழுத்துக்கொண்டு, விரல் நுனியால் மட்டும் பென்சிலைப் பிடித்து ‘ழ’ எழுதுவதைப் பார்க்க எனக்குப் பொறுக்கவில்லை. எண்ணெய் ஹீட்டர் வைத்துப் பார்த்தோம். பக்கத்தில் உட்கார்ந்தவர்களுக்குக் கால் சுட்டது, கதவோரத்தில் உட்கார்ந்தவர்களுக்கு எதுவும் இல்லை, கரண்ட் பில் மட்டும் ஏறியது.

எங்களுடையது இரண்டு கார் அகலத்துக்கான தகட்டுக் கதவு. சுமார் 4.9 மீட்டர் அகலம், 2.1 மீட்டர் உயரம், படுக்கைவாக்கில் நான்கு துண்டுகளாக மடிந்து ட்ராக்கில் ஏறி, கூரைக்குக் கீழே போய்ப் படுத்துக்கொள்ளும். இங்கே செக்‌ஷனல் கதவு என்பார்கள். தகடு ஒரு மில்லிமீட்டர் கூட இருக்காது. நிறம் அடர்ந்த கரும்சாம்பல், பார்ப்பது மேற்கே. அதனால் குளிர்காலக் காலையில் தொட்டால் ஐஸ், டிசம்பரில் மாலை நாலு மணிக்கு உள்பக்கத்தில் கையை வைத்தால் உடனே எடுத்துவிட வேண்டியிருக்கும். வெளிர் நிறம் அடித்தாலே வெயில் சூடு நன்றாகக் குறைந்துவிடும், ஆனால் நாங்கள் இருப்பது எஸ்டேட், அதாவது பொது விதிகளோடு ஒரே சுற்றுச்சுவருக்குள் உள்ள குடியிருப்பு, வெளி நிறத்தை மாற்ற அனுமதி கிடையாது. தனி வீடு உள்ளவர்கள் இதை முதலில் யோசியுங்கள், இவ்வளவு மலிவான வைத்தியம் வேறில்லை. இன்னொன்று, இங்கே குளிர்காலச் சூரியன் வடக்கே சாய்ந்து போகும். வடக்கு பார்த்த கதவானால் குளிர்காலத்தில் பகலெல்லாம் அதுவே உங்களுக்கு ஹீட்டர். அதில் தடிமனான காப்பு போடுவதற்கு முன் ஒருமுறைக்கு இருமுறை யோசிக்கலாம்.

பக்கத்து வீட்டு அங்கிள் சாட்ஸ்வொர்த்தில் பிறந்து வளர்ந்தவர், வாழ்நாள் முழுக்க ஃபிட்டர் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். ஆயாவிடம் கற்ற தமிழை இன்னும் விடாமல் பேசுகிறார். நான் பலகை விலை விசாரிக்கப் போகிறேன் என்றதும், “அதெல்லாம் அப்புறம் மா, மொதல்ல கதவைச் சாத்திட்டு லைட்டை அணைச்சு உள்ளே நில்லு” என்றார். பட்டப்பகலில் நின்று பார்த்தேன். கீழே இடது மூலையிலிருந்து நடுவரைக்கும் வெளிச்சம் ஒரு கோடாக நீண்டு கிடந்தது. இரண்டு பக்கமும் ட்ராக் ஓரத்தில் மேலிருந்து கீழ்வரை மெல்லிய கீற்று. மேலே லிண்டலுக்கும் (வாசலுக்கு மேலே உள்ள உத்தரம்) கதவுக்கும் நடுவில் விரல் நுழையும். வெளிச்சம் தெரியாத இடங்களுக்கு அங்கிள் சொன்ன வழி ஊதுபத்தி. காற்று வீசுகிற நாளில் ஒன்றைக் கொளுத்தி ஓரமாகவே மெதுவாகக் கொண்டுபோனால், புகை நேராக எழுகிற இடத்தில் பிரச்சினை இல்லை, உள்பக்கம் மடங்குகிற இடத்தில் சாக்பீஸால் ஒரு கோடு போட்டுக்கொள்ளலாம். எங்கள் கதவின் சட்டம் கொஞ்ச நேரத்தில் கோடுகளால் நிறைந்துவிட்டது. (பலகை ஒட்டிய பிறகு ஊதுபத்தியைக் கதவருகே கொண்டுபோகாதீர்கள், காரணம் கீழே வருகிறது.)

இதைக் கணக்காகப் பார்த்தால்தான் விளங்கும். 4.9 மீட்டர் நீளக் கதவின் கீழே ஒரே ஒரு சென்டிமீட்டர் இடுக்கு இருந்தால் மொத்தம் 490 சதுர சென்டிமீட்டர் திறப்பு. சுவரில் 22 சென்டிமீட்டருக்கு 22 சென்டிமீட்டர் ஓட்டை போட்டுத் திறந்து வைத்ததற்குச் சமம். அந்த ஓட்டையை விட்டுவிட்டுத் தகட்டின் மேல் எவ்வளவு உயர்தரமான பலகையை ஒட்டினாலும் காற்று அதன் வழியே வந்துகொண்டுதான் இருக்கும். ஆடிக் காற்றில் அம்மியும் பறக்கும் என்று நம் ஊரில் சொல்வதற்குச் சரியாக, இங்கேயும் ஆகஸ்டில்தான் காய்ந்த புல்வெளிகளிலிருந்து செம்மண் தூசியை அள்ளிக்கொண்டு காற்று வரும். முந்தைய வருஷங்களில் அந்த மாதம் முழுக்கப் பிள்ளைகளின் மேசையில் விரலால் எழுதலாம்.

இடுக்கு அடைக்கும் வேலை மூன்று இடத்தில். கதவின் அடியில் ஒரு அலுமினியச் சட்டத்துக்குள் செருகிய ரப்பர் இருக்கும். வெயிலில் காய்ந்து, கல்லாகி, வெடித்துப்போயிருந்தால் இழுத்துப் போட்டுவிட்டுப் புதிதாகச் செருக வேண்டும். பழைய ரப்பரில் ஒரு துண்டை வெட்டிக் கடைக்கு எடுத்துப் போங்கள். செருகும் பகுதியின் வடிவம் கதவுக்குக் கதவு மாறுகிறது, வாயால் சொல்லி வாங்க முடியாது. சவுக்கார நீரைக் கொஞ்சம் தடவி, ஒருவர் இழுக்க ஒருவர் தள்ளினால் வழுக்கிக்கொண்டு போகும். எங்களுக்குத் தரையே ஒரு பக்கம் சாய்ந்திருந்தது, வீடு கட்டியவர்கள் விட்ட குறை. ரப்பர் மட்டும் அதை அடைக்காது. அதற்காகத் தரையில் ஒட்டுகிற ரப்பர் வரம்பு ஒன்று கிடைக்கிறது, கதவு அதன்மேல் வந்து உட்காரும். தரையை நன்றாகக் கழுவி, காயவிட்டு, கதவைச் சாத்திய நிலையில் கோடு போட்டு ஒட்ட வேண்டும். கோடை இடிமழையில் டிரைவ்வேயிலிருந்து உள்ளே வழிந்த தண்ணீரும் இதில் நின்றது. எலி வரத்தும் நின்றது.

பக்கவாட்டிலும் மேலேயும் பிரஷ் பட்டை வைத்தோம், அதாவது அலுமினியப் பட்டையில் நைலான் முடி நெருக்கமாக இருக்கும் வகை. ரப்பர் நாக்கு வைத்த பட்டையும் உண்டு, அது இன்னும் இறுக்கமாக அடைக்கும், ஆனால் கதவு ஏறி இறங்கும்போது உரசி மோட்டாருக்குச் சுமை கொடுக்கும். நாளைக்கு நாலைந்து முறை திறக்கும் கதவுக்குப் பிரஷ் போதும் என்பது என் கருத்து. முடி கதவைத் தொட வேண்டும், மடங்கி நசுங்கக் கூடாது.

இவ்வளவு செய்ததிலேயே வித்தியாசம் தெரிந்தது. அதிகாலையில் வெளியே 2 டிகிரி இருக்கும்போது உள்ளே 6 காட்டிய தெர்மாமீட்டர் 8 காட்டியது. கதவோரத்தில் கணுக்காலில் அறைகிற அந்தக் காற்று போய்விட்டது, அதுதான் பெரிய ஆறுதல்.

அடுத்து பலகை. எவ்வளவு பலன் என்று முன்கூட்டியே கணக்குப் போட்டுப் பார்க்கலாம். வெறும் தகட்டுக்கு வெப்பத்தைத் தடுக்கும் சக்தி இல்லையென்றே சொல்லலாம், அதன் இரு பக்கமும் ஒட்டி நிற்கும் காற்றுப் படலம் மட்டும்தான் கொஞ்சம் தடுக்கிறது. ஒரு சதுர மீட்டர் வழியே, ஒரு டிகிரி வித்தியாசத்துக்குச் சுமார் 6 வாட் போகும். எங்கள் கதவு 10 சதுர மீட்டர். உள்ளே 12, வெளியே 2 என்று வைத்தால் 600 வாட், ஒரு சின்ன ஹீட்டரின் வேலையைக் கதவே வெளியே கடத்துகிறது. 25 மில்லிமீட்டர் தெர்மாகோல் வைத்தால் தாளில் அது 125 வாட் அளவுக்கு இறங்குகிறது. துண்டுகள் சேரும் இடமும் குறுக்குச் சட்டங்களும் மூடப்படாமல் இருப்பதால் நடைமுறையில் இவ்வளவு கிடைக்காது, பாதிக்கு மேல் குறைந்தாலே நல்லது. 50 மில்லிமீட்டர் போட்டால் இரட்டிப்பு நன்மை என்று நினைக்க வேண்டாம். முதல் 25தான் பெரும்பகுதி வேலையைச் செய்கிறது, மிச்சத்தில் கிடைப்பது சொற்பம், அதோடு கதவு வளைந்து திரும்பும் இடத்தில் தடிமனான பலகை இடிக்கும்.

என்ன பலகை? இங்கே கடையில் பார்த்தவை: சாதாரண வெள்ளைத் தெர்மாகோல், அதைவிட இறுக்கமான எக்ஸ்ட்ரூடட் வகை (ஐசோபோர்டு என்ற பெயரில் பரவலாகக் கிடைப்பது), பழைய பிளாஸ்டிக் பாட்டிலில் இருந்து செய்யும் பாலியெஸ்டர் மெத்தை, கண்ணாடி நார், அப்புறம் குமிழி வைத்த அலுமினிய ஃபாயில். ஃபாயிலைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும், கடைக்காரர்கள் அதைத்தான் முதலில் நீட்டுவார்கள். ஃபாயில் வேலை செய்வது கதிர்வீச்சாக வரும் வெப்பத்தைத் திருப்பி அனுப்புவதால். அதற்கு முன்னால் இரண்டு சென்டிமீட்டராவது காற்று இடைவெளி வேண்டும். தகட்டோடு அழுத்தி ஒட்டிவிட்டால் அந்த வேலை நடக்காது, குமிழியின் தடிமன் தருகிற சொற்பக் காப்பு மட்டும் மிஞ்சும். கோடைச் சூடுதான் உங்கள் பிரச்சினை என்றால் இடைவெளி விட்டு ஃபாயில் போடுவது நியாயம். எங்களைப் போலக் குளிருக்கு என்றால் பலகைதான். பாலியெஸ்டர் மெத்தையும் கண்ணாடி நாரும் கூரைக்கு அருமையானவை, ஏறி இறங்கும் கதவில் நிற்காமல் தொய்ந்துவிடும்.

நாங்கள் எக்ஸ்ட்ரூடட் பலகை எடுத்தோம். வெள்ளைத் தெர்மாகோலைப் பிள்ளைகள் நகத்தால் கிள்ளினால் மணிமணியாக உதிரும், இது உதிராது. எடை கொஞ்சம் கூடுதல். இப்போது எடைக்கு வருகிறேன், இந்தப் பத்தியை மட்டுமாவது நிதானமாகப் படியுங்கள்.

கதவை மேலே தூக்குவது மோட்டார் என்றுதான் பலரும் நினைக்கிறோம். தூக்குவது ஸ்பிரிங். கதவுக்கு மேலே ஒரு குழாய், அதில் முறுக்கி வைத்த ஸ்பிரிங், இரு முனையிலும் உருளை, அதிலிருந்து கதவின் அடிமூலைக்கு இறங்கும் எஃகுக் கேபிள். கதவின் எடைக்குச் சரியாக ஸ்பிரிங்கை முறுக்கியிருப்பதால் தராசின் இரு தட்டு போல நிற்கிறது, மோட்டார் லேசாகத் தள்ளினால் போதும். நீங்கள் ஒரு தட்டில் எடையை ஏற்றினால் அந்தச் சமநிலை போய்விடும். 25 மில்லிமீட்டர் வெள்ளைத் தெர்மாகோல் என்றால் இரட்டைக் கதவுக்கு மொத்தம் 4 கிலோ வரும், எக்ஸ்ட்ரூடட் என்றால் 8 கிலோ. அழகுக்காக அதன்மேல் 4 மில்லிமீட்டர் பிளைவுட் அடித்தால் அது மட்டுமே 20 கிலோவுக்கு மேல் போகும். பிளைவுட் வேண்டாம் என்று நான் கறாராகச் சொல்வது இதனால்தான்.

சோதிக்கும் முறை எளிது. கதவை முழுதாகச் சாத்திய பிறகு, மோட்டாரிலிருந்து விடுவிக்கும் கயிற்றை இழுங்கள். திறந்திருக்கும்போது இழுக்காதீர்கள், ஸ்பிரிங் ஏற்கனவே உடைந்திருந்தால் கதவு அப்படியே விழும். அப்புறம் கையால் இடுப்பளவு தூக்கி மெதுவாக விடுங்கள், யாரையும், முக்கியமாகப் பிள்ளைகளை, அடியில் நிற்க விடாமல். அங்கேயே நின்றால் சமநிலை சரி. கீழே இறங்கினால் கதவு கனமாக இருக்கிறது. பலகை போடும் முன் ஒருமுறை, போட்ட பின் ஒருமுறை இதைச் செய்ய வேண்டும். எங்கள் கதவு முன்பே கொஞ்சம் இறங்கிக்கொண்டிருந்தது. ஸ்பிரிங்குக்கும் ஆயுசு உண்டு. சாதாரண ஸ்பிரிங்கை 10,000 முறை ஏறி இறங்குவதற்கென்று செய்கிறார்கள், நாளைக்கு நாலு முறை என்றால் ஏழு வருஷத்துக்குக் கொஞ்சம் குறைவு.

ஸ்பிரிங்கை முறுக்குவதை மட்டும் நீங்களே செய்யாதீர்கள். எத்தனை வீடியோ பார்த்திருந்தாலும் சரி. முறுக்கிய ஸ்பிரிங்கில் அடைபட்டிருக்கும் சக்தி கம்பியை எகிறவைத்து எலும்பை முறிக்கும். கேபிள் மாட்டியிருக்கும் அடிமூலை பிராக்கெட்டின் திருகையும் தொடக் கூடாது, அதுவும் அதே இழுப்பில்தான் இருக்கிறது. அங்கிள் முப்பது நாற்பது வருஷம் இரும்போடு பழகியவர், அவரே “இதுக்கு ஆளைக் கூப்பிடு மா, நான் தொடமாட்டேன்” என்றுவிட்டார். கதவு மெக்கானிக் வந்தார். அவரிடம் 8 கிலோ ஏறப்போகிறது என்று முன்கூட்டியே சொன்னோம், பலகை வைத்த பிறகு வந்து முறுக்கைச் சரிசெய்து, ரோலர்களுக்கு எண்ணெய் விட்டு, இடுப்பளவில் கதவு அசையாமல் நிற்பதைக் காட்டிவிட்டுப் போனார்.

வெட்டி வைப்பதை நானும் என் கணவரும் ஒரு வார இறுதியில் முடித்தோம். கதவின் ஒவ்வொரு துண்டுக்கும் மேலும் கீழும் தகடு உள்பக்கமாக மடிந்து ஒரு உதடு இருக்கும். பலகையை அந்த உதட்டுக்குள் செருகினால் பாதிப் பிடிப்பு அதிலேயே கிடைத்துவிடும். அளவைத் துண்டுக்குத் துண்டு எடுக்க வேண்டும், எல்லாம் ஒரே அளவு போலத் தெரியும், இருக்காது. கத்தியால் ஒரு கோடு ஆழமாகக் கீறி, மேசை விளிம்பில் வைத்து அழுத்தினால் எக்ஸ்ட்ரூடட் பலகை பிஸ்கட் உடைகிற சத்தத்தோடு நேராக உடையும். வெள்ளைத் தெர்மாகோல் வாங்கினீர்களானால் காற்று வீசும் நாளில் வெளியே வைத்து அறுக்காதீர்கள், மணிகள் தெருவெல்லாம் பறந்து மழைநீர்க் கால்வாயில் போய்ச் சேரும். கதவின் கீல், ரோலர், பூட்டுக் கம்பி இருக்கும் இடங்களைச் சுற்றி இடம் விட்டு வெட்டுங்கள். இரு துண்டுகள் சேரும் கோட்டின் குறுக்கே எதையும் ஒட்டக் கூடாது, கதவு மடியும்போது அங்கேதான் விரலும் பலகையும் நசுங்கும்.

பசை விஷயத்தில் கடையில் கிடைத்ததை வாங்கி ஒட்டிவிட முடியாது. செருப்புக்கு ஒட்டும் மஞ்சள் காண்டாக்ட் பசையை ஒரு உதிரித் துண்டில் தடவிப் பார்த்தோம். கொஞ்ச நேரத்தில் பலகையின் மேல்பரப்பு பளபளத்து, உள்ளே இறங்கி, கட்டைவிரல் நகம் அளவுக்குக் குழி விழுந்தது, ஓரமெல்லாம் பிசின் போலச் சுருண்டு நின்றது. அதில் உள்ள கரைப்பான் தெர்மாகோலைத் தின்றுவிடும். டப்பாவில் பாலிஸ்டைரீனுக்கு ஏற்றது என்று போட்ட பசைதான் வேண்டும், அதையும் முதலில் உதிரித் துண்டில் சோதித்துப் பாருங்கள். தகட்டை ஸ்பிரிட் போட்டுத் துடைத்து எண்ணெய்ப் பிசுக்கு போன பிறகே ஒட்ட வேண்டும். விளிம்புகளை அலுமினிய டேப்பால் மூடிவிட்டோம். உள்காற்றின் ஈரம் பலகைக்குப் பின்னால் புகுந்து, குளிர்ந்த தகட்டில் வியர்த்து, உள்ளேயே துருப்பிடிக்க வைக்காமல் இருக்க அது உதவும். ஹைவெல்ட் என்கிற எங்கள் உள்நாட்டு மேட்டுநிலத்தில் குளிர்காலம் காய்ந்த காலம் என்பதால் இங்கே இது சின்னக் கவலை. டர்பனில் கடல்காற்றும் புழுக்கமும் உள்ள இடத்தில் பெரிய கவலை, அங்கே டேப் ஒட்டாமல் விடாதீர்கள்.

எல்லாம் முடிந்த பிறகு மோட்டாருக்குக் கதவின் புதிய எடையைக் கற்றுக்கொடுக்க வேண்டும். எதிலாவது மோதினால் நின்று திரும்பும் உணர்திறன் பழைய எடைக்கு வைத்தது, மறுபடி செட் செய்யாவிட்டால் காரணமில்லாமல் பாதியில் நிற்கும், அல்லது நிற்க வேண்டிய இடத்தில் நிற்காது. அட்டைப்பெட்டி ஒன்றைக் கதவின் வழியில் வைத்து மூடிப் பார்த்து உறுதிசெய்துகொண்டோம்.

பலன்? வெளியே 2 டிகிரி இருக்கும் காலையில் இப்போது உள்ளே 10 வரை காட்டுகிறது. தனியாகப் பார்த்தால் 10 டிகிரியும் குளிர்தான். ஆனால் முக்கியமான மாற்றம் வகுப்பு தொடங்கிய பிறகு நடக்கிறது. சும்மா உட்கார்ந்திருக்கும் பெரிய மனிதர் உடம்பிலிருந்தே 100 வாட் வெப்பம் வெளியேறுகிறது, பிள்ளைகளுக்குக் கொஞ்சம் குறைவு. பதினைந்து பிள்ளைகள் கூடினால் ஒரு ஹீட்டர் அளவுக்கு வருகிறது, முன்பு அதெல்லாம் தகடு வழியாகவும் இடுக்கு வழியாகவும் போய்க்கொண்டிருந்தது. இப்போது அரை மணி நேரத்தில் ஜாக்கெட்டுகள் நாற்காலி முதுகுக்குப் போய்விடுகின்றன. கோடையில் மாலை வெயிலில் கதவின் உள்பக்கம் கை வைக்க முடிகிறது. கதவு கடகடவென்று அதிரும் சத்தமும் பாதியாகிவிட்டது, நான் எதிர்பார்க்காத லாபம் அது.

இனி ஆபத்து. தெர்மாகோல் எந்த வகையானாலும் எரியும். தீயைத் தாமதப்படுத்தும் மருந்து சேர்த்த ரகத்தைக் கேட்டு வாங்கினோம், அதுவும் எரியாது என்று பொருள் இல்லை, உருகிச் சொட்டும், கரும்புகை கக்கும். வகுப்பு தொடங்கும் முன் ஏற்றும் குத்துவிளக்கைக் கதவிலிருந்து எதிர்ச்சுவருக்கு மாற்றிவிட்டேன், கற்பூரம், ஊதுபத்தி எல்லாம் அங்கேதான். வீட்டுக்குள் போகும் பக்கக் கதவு எப்போதும் பூட்டாமல் இருக்கும். கராஜில் பிரியாணி அடுப்பு வைக்கும் வீட்டுக்காரர்களுக்கு, கூழ் காய்ச்சுபவர்களுக்கு என் வேண்டுகோள்: கதவில் தெர்மாகோல் ஒட்டாதீர்கள். இடுக்கு அடைப்பதோடு நிறுத்திக்கொள்ளுங்கள், சமைக்கும்போது கதவை முழுதாகத் திறந்து வையுங்கள்.

இடுக்கு அடைப்பதிலும் ஒரு பொறுப்பு வருகிறது. இவ்வளவு நாளும் அந்த ஓட்டைகள் வழியாகக் குளிர் வந்தது போலவே கெட்ட காற்றும் வெளியே போய்க்கொண்டிருந்தது. சமையல் கேஸ் காற்றைவிடக் கனமானது, கசிந்தால் தரையோடு தேங்கும். முன்பு கதவின் அடியில் வழிந்து போயிருக்கும், இப்போது ரப்பர் தடுக்கும். எங்கள் சிலிண்டரை வெளியே மாற்றிவிட்டு, பக்கச் சுவரில் தாழ்வாக ஒன்றும் உயரமாக ஒன்றும் காற்றுத் துளைச் செங்கல் வைத்தோம். கொஞ்சம் வெப்பம் அதில் போகும், போகட்டும். அத்தனை பிள்ளைகள் மூச்சுவிடும் இடத்துக்குக் காற்று வந்துதான் ஆக வேண்டும். கார்கள் இப்போது வெளியே நிழல்வலைக்குக் கீழே நிற்கின்றன, பெட்ரோல் வாடையில் பிள்ளைகளை உட்கார வைக்க எனக்கு மனம் வரவில்லை. அடைத்த கராஜில் காரை ஓடவிட்டுச் சூடாக்குவது, கரண்ட் போகும் நேரத்தில் ஜெனரேட்டரைக் கராஜுக்குள் வைத்து ஓட்டுவது, இரண்டும் உயிருக்கே உலை. கார்பன் மோனாக்சைடுக்கு நிறமும் இல்லை, வாசனையும் இல்லை. 2023இல் கரண்ட் போவதும் வருவதுமாக இருந்தபோது திருட்டுக்குப் பயந்து ஜெனரேட்டரை உள்ளே வைத்து, கதவைக் கொஞ்சம் மட்டும் தூக்கி ஓட்டிய வீடுகள் எங்கள் தெருவிலேயே உண்டு. அந்தக் கொஞ்சம் திறப்பும் போதாது, வெளியே வைத்துச் சங்கிலி போட்டுப் பூட்டுங்கள்.

உங்கள் கதவு எங்களுடையது போல இல்லாமல் இருக்கலாம். ஒரே பலகையாக வெளியே சாய்ந்து மேலே போகும் பழைய டிப்-அப் கதவானால் ஒட்டுவது இன்னும் எளிது, மடிப்பே இல்லை. ஆனால் அதன் ஸ்பிரிங்கும் எடைக்குத் தக்க வைத்ததுதான், அதே சோதனையை அதிலும் செய்ய வேண்டும். ஷட்டர் போலச் சுருண்டு ஏறும் ரோல்-அப் கதவில் பலகை எதுவும் ஒட்ட முடியாது, சுருளில் மாட்டிக்கொள்ளும். அதற்கு இடுக்கு அடைத்துவிட்டு, உள்பக்கம் தனியாகக் கம்பி போட்டுக் கனமான திரை தொங்கவிடுவதே வழி, கதவைத் திறக்கும் முன் திரையை ஓரம் தள்ள மறக்கக் கூடாது. மரக் கதவுக்காரர்கள் தகட்டுக் கதவைவிட ஏற்கனவே நல்ல நிலையில் இருக்கிறீர்கள், ரப்பரும் பிரஷும் போதும். டர்பன்காரர்களுக்குக் குளிர்காலம் ஒரு பொருட்டே இல்லை, இந்தச் செலவைக் கூரைக்கடியில் ஃபாயில் போடத் திருப்பிவிடலாம்.

கூரை என்றதும், எங்களுக்கும் அடுத்த வேலை அதுதான். கதவு 10 சதுர மீட்டர், ஆறுக்கு ஆறு மீட்டர் கராஜின் கூரை 36 சதுர மீட்டர், அதில் சிமென்ட் ஓடுகளைத் தவிர ஒன்றும் இல்லை. நியாயமாகப் பார்த்தால் கையில் மொத்தமாகப் பணம் இருப்பவர்கள் இடுக்கை அடைத்த கையோடு சீலிங் போட்டு, அதன்மேல் பாலியெஸ்டர் மெத்தை விரித்துவிட்டு, அப்புறம் கதவுக்கு வருவதே சரியான வரிசை. கதவின் மேல்முனை ஏறிப் போய் நிற்கும் இடத்துக்கும் சீலிங்குக்கும் நடுவில் ட்ராக், ஸ்பிரிங், மோட்டார் எல்லாம் வந்து போக இடம் வேண்டும். சீலிங் ஆளை அழைக்கும் நாளில் கதவைத் திறந்து நிறுத்தி வைத்து, மெக்கானிக் கை நுழைந்து வேலை செய்யும் அளவு உயரம் விட்டுக் கோடு போடச் சொல்லியிருக்கிறோம்.